மறுகை போட்டவன்

ஆம்பூரில் அந்த வருஷம் ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் மனுஷருக்காகப் போட்டதில்லை, மிஷினுக்காகப் போட்டது. பங்குனி வெயிலில் தோல் ஷெட் முதலாளிகள் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, மிஷின் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து வேர்வை ஆற்றிவிட்டுப் போவார்கள். அத்தனை குளிர்ச்சியான அறையில் ஒருத்தனுக்கு மட்டும் வயிறு எரிந்துகொண்டே இருந்தது. அவன் பெயர் கிருபானந்தம். அவன்தான் அந்த மிஷினுக்கு மாஸ்டர்.

பம்பாயில் ஒரு கம்பெனி பழசாகிவிட்டது என்று கழித்துவிட்ட கம்ப்யூட்டர் அது. ஐந்தாறு ஷெட்காரர்கள் கூட்டுச் சேர்ந்து வாங்கிப் போட்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் நயீம் அகமது சாயபு. எந்த லாட் தோல் என்ன விலைக்கு வந்தது, உப்பு எவ்வளவு, பட்டை எவ்வளவு, கூலி எவ்வளவு, விற்றதில் நூற்றுக்கு எத்தனை நின்றது என்பதெல்லாம் அட்டையில் துளை போட்டு உள்ளே போகும், தாளில் அச்சாகி வெளியே வரும். மெட்ராஸிலிருந்து கிருபானந்தத்தை அழைத்து வந்தது சாயபுதான். கூடவே அவன் மனைவி சாராவும் வந்தாள். ராணிப்பேட்டைப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் அவன் வேலை பார்த்த ஆபீசிலேயே அட்டைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தவள். புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தது அவன். இதை ஒரு காலத்தில் அவனே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். இப்போது சொல்வதில்லை.

அந்த மிஷினுக்கு ஒரு குணம் உண்டு. பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னாலோ, தன் கொள்ளளவுக்கு மீறின எண் வந்தாலோ, தெரியாத கட்டளை ஒன்று எதிர்ப்பட்டாலோ, அந்த இடத்திலேயே கையை விரித்துவிடும். அதற்கு ட்ராப் என்று பெயர். கையை விரிக்கும்போது ஒரே ஒரு காரியம் செய்யும். வேலையை எங்கே விட்டதோ அந்த இடத்தின் விலாசத்தை ஞாபகத்தின் எட்டாம் அறையில் எழுதிவைத்துவிட்டு, ஒன்பதாம் அறைக்குத் தாவும். அதன் பொறுப்பு அத்தோடு தீர்ந்தது. ஒன்பதாம் அறையிலிருந்து என்ன செய்யவேண்டும் என்பதை மனுஷன்தான் எழுதிவைக்க வேண்டும். மற்ற புரோகிராம்கள் வரும், ஓடும், போகும். இது மட்டும் எல்லாவற்றுக்கும் அடியில் எப்போதும் குடியிருக்கும். மானிட்டர் என்பார்கள்.

கிருபானந்தம் எழுதிய மானிட்டர் கறாரானது. எந்த ட்ராப் வந்தாலும் ஒரு வரி அடித்துவிட்டு வேலையை நிறுத்திவிடும். பிறகு முதல் அட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தப்பு வந்தால் நிற்பதுதானே முறை என்பது அவன் கட்சி. கூலி நாளன்று அது திரும்பத் திரும்ப நின்று, ஷெட் ஆட்கள் சாயங்காலம் வரை வாசலில் காத்துக் கிடந்தபோது, இது பெரிய பேஜாராப் போச்சே மாஸ்டர் என்று சாயபு தலையில் கைவைத்தார். அப்போதுதான் சாரா, பஞ்ச் மிஷின் பக்கத்திலிருந்து எழுந்து நின்று, நிற்காமல் போகவைக்கலாம் என்று சொன்னாள். அத்தனை பேர் எதிரில். அதெல்லாம் நடக்காது என்றான் அவன். அவள் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

அவள் எழுதினது இப்படி: ட்ராப் வந்ததும், மிஷின் கையில் வைத்திருந்த எண்களை முதலில் பத்திரமாக ஓர் ஓரத்தில் எடுத்துவைப்பது. என்ன ரக ட்ராப் என்று பார்ப்பது. எந்த லாட், எத்தனை தோல், என்ன தகராறு என்று டைப்ரைட்டரில் ஒரு வரி அடிப்பது. எடுத்துவைத்ததை எல்லாம் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, எட்டாம் அறையைப் பார்த்து, விட்ட இடத்துக்கே திரும்பிப்போவது. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமுக்கு நடுவில் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

பேரணாம்பட்டு மதரஸா லாட்டை வைத்துச் சோதித்தார்கள். பக்ரீத் அன்று குர்பானியாக அறுத்த ஆடுகளின் தோல்களை மதரஸாவுக்குத் தானமாகக் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். சாயபுமார் அதைப் பதனிட்டு விற்று, பணத்தை மதரஸாவுக்கே கொடுத்துவிடுவார்கள். ஆகையால் வாங்கின விலை என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கும். லாப விகிதம் போட அதனால் வகுக்கப்போனால் ட்ராப். அன்றைக்கு டைப்ரைட்டர் ஒரு வரி தட்டியது, மிஷின் பாட்டுக்கு அடுத்த லாட்டுக்குப் போய்விட்டது. நயீம் சாயபுவுக்கு வாயெல்லாம் பல்.

"இன்னா மாஸ்டர், உங்க சம்சாரம் மிஷினுக்கே புத்தி குடுத்துட்டாங்க. இத்தினி நாள் நம்மகிட்ட இருந்தது வெறும் ரோஷந்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிருபானந்தமும் சிரித்தான். சிரித்த வாயை மூடுவதற்குள் அவனுக்கு நெஞ்சு காந்தியது. கம்ப்யூட்டர் என்ற சொல்லை அவள் காதில் முதலில் போட்டவனே அவன். கட்டளை என்றால் என்ன, விலாசம் என்றால் என்ன என்று கடற்கரை மணலில் விரலால் எழுதிக் காட்டினவன் அவன். அவளானால், கற்றுக்கொடுத்தவனுக்குத் தோன்றாத ஒன்றை, சோறு வடித்துக்கொண்டே யோசித்தேன் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறாள். கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டால் என்னடா என்று அவன் தன்னையே அதட்டிப் பார்த்தான். மனசு கேட்டால்தானே.

இது போதாது என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷெட்காரர்களும் கூட்டில் சேர வந்தார்கள். பெரிய மிஷின் ஒன்று வரப்போகிறது. அதற்கு ஓர் இன்சார்ஜ் போட வேண்டும். மிஷின் கம்பெனியின் மெட்ராஸ் இன்ஜினீயர் பரந்தாமன் வந்து மானிட்டர் ஓடுவதைப் பார்த்து, யார் தகுதி என்று சொல்வார், அவர் சொன்னவருக்குத்தான் அந்த நாற்காலி என்று சாயபு முடிவு செய்துவிட்டார். ஓடப்போவது சாராவின் மானிட்டர். அப்படியானால் நாற்காலி யாருக்கு என்று கேட்கவும் வேண்டுமா? நாளை முதல் வீட்டுக்கு வெளியே அவன் பெண்டாட்டிக்குக் கீழே வேலை செய்ய வேண்டும். சர்ச் வாசலில் ஆளாளுக்கு விசாரிப்பார்கள்.

இங்கே மறுகை பற்றிச் சொல்லவேண்டும். ஷெட்டில் பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும்போது, ஒருவர் பிரித்த அடுக்கை இன்னொருவர் ஒருமுறை கையால் தடவிப் பார்த்த பிறகுதான் முத்திரை விழும். ஓட்டையோ வெட்டோ முதல் கைக்குத் தப்பினாலும் இரண்டாம் கைக்குத் தப்பாது என்பது கணக்கு. அதுதான் மறுகை. நயீம் சாயபு இந்தப் பழக்கத்தை மிஷின் அறைக்கும் கொண்டுவந்திருந்தார். ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் வரிவரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது அட்டைக்குப் போகும். பின்னால் ஓட்டை தெரிந்தால் திட்டு எழுதினவருக்குத்தான். மறுகை போட்டவரை யாரும் கேட்பதில்லை. இரண்டு கண்ணுக்கும் தப்பிப்போச்சு, என்ன செய்வது என்று விட்டுவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் சாரா தாள்களை அவன் மடியில் வைத்தாள். மிஷின் அறையில் மறுகை போடத் தேவானந்தமும் இருந்தான். மிஷினுக்கு அட்டை ஊட்டும் வேலையில் சேர்ந்து, மெல்ல மெல்லப் புரோகிராமும் கற்றுக்கொண்ட பையன், நல்ல கண் அவனுக்கு. ஆனாலும் அவள் எப்போதும் கிருபானந்தத்திடம்தான் கொடுப்பாள். கொடுத்துவிட்டு மீன் கழுவப் போனாள்.

அவன் படித்தான். தப்பு தேடித்தான் படித்தான், அதை மறைப்பானேன். முதல் தாளில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஒவ்வொரு தாளும் சரியாக இருக்க இருக்க அவன் முகம் சுண்டிக்கொண்டே போனது. மூன்றாவது தாளில், டைப்ரைட்டர் வரி அடிக்கும் இடத்தில், அவன் விரல் நின்றது. தோல் எண்ணிக்கையை அச்சுக்கு மாற்ற அவள் ஒரு பெருக்கல் போட்டிருந்தாள். சின்ன எண்ணுக்குச் சரி. பெரிய எண் வந்தால் அந்தப் பெருக்கலே கொள்ளளவை மீறும். அதாவது, ட்ராப்பைக் கவனிக்க வந்த இடத்திலேயே இன்னொரு ட்ராப். மிஷின் என்ன செய்யும்? வழக்கம்போல எட்டாம் அறையில் விலாசம் எழுதும். அங்கே முதலில் எழுதியிருந்த விலாசம் அழிந்துபோகும். சாரா எண்களை எல்லாம் ஓரமாக எடுத்துவைத்தவள், எட்டாம் அறையில் இருந்ததை மட்டும் எடுத்துவைக்கவில்லை. ஒன்பதாம் அறைக்குத் தாவுகிற மானிட்டர் தன் ஆரம்பத்துக்கே திரும்பி வரும். மறுபடி பெருக்கும், மறுபடி ட்ராப், மறுபடி தனக்குள். வெளியே வரும் வழியே கிடையாது.

பேரணாம்பட்டு லாட் சின்னது, அதனால் தெரியவில்லை. ஆம்பூர் மதரஸாக்கள் அத்தனையும் சேர்ந்த குர்பானி லாட் பெரியது. விலை பூஜ்யம், எண்ணிக்கை மலை மாதிரி. பரந்தாமன் வரும் அன்று ஓடப்போவது அதுதான்.

கிருபானந்தத்துக்குப் பல்லிடுக்கில் சிக்கிய நார் வெளியே வந்தாற்போல் இருந்தது. அப்பாடா என்று சாய்ந்துகொண்டான். உடனே கூப்பிட்டுச் சொல்லத்தான் வாயெடுத்தான். சொன்னால் என்ன ஆகும்? ஐயோ ஆமாம் என்பாள், மாலைக்குள் திருத்திவிடுவாள். மானிட்டர் இன்னும் நன்றாக ஓடும். நாற்காலி இன்னும் நிச்சயமாகும். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

சாரா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாங்க, எதனா இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. நல்லாருக்கு."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இத்தனை நாளில் அவள் எழுதின ஒன்றை அவன் நல்லாருக்கு என்று சொன்னதே இல்லை. அங்கே கோணல், இங்கே நீளம் என்று ஏதாவது நொட்டை சொல்வான். அவள் தாள்களை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். அன்றைக்கு மீன் குழம்பில் அவன் தட்டுக்கு நடுத்துண்டாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. அவனும் சாப்பிட்டான், என்ன மனுஷனோ.

ஆனால் அவள் மூக்கு உடைபட்டால் மட்டும் போதாது, ஒட்டவைக்கிறவன் தானாக இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அந்தப் பெருக்கலைப் பெரிய எண்ணுக்கும் ஏற்றபடி மாற்ற, எட்டாம் அறையில் இருப்பதை முதல் காரியமாக வேறிடத்தில் அடுக்கிவைக்க, இரண்டாவது ட்ராப் வந்தால் அதற்கு மேல் அடுக்க, திரும்பும்போது மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க ஒரு திருத்தம் எழுதினான். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பஞ்ச் அறை காலியாக இருந்தபோது தானே அட்டைகளுக்குத் துளை போட்டு, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். மறுநாள் தேவானந்தம், ஆம்பூர் லாட்டையும் ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிடலாமே என்று சாராவிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. மறுகை ஆன பிறகு எதுக்கு, மிஷினுக்குக் கூலிக் கணக்கு இருக்கிறது என்று இவன் நடுவில் புகுந்து தட்டிவிட்டான். சாராவும், அவர் பார்த்துவிட்டார், அவர் பார்த்தால் தப்பு இருக்காது என்று தேவானந்தத்திடம் சொன்னாள். அதையும் காதில் வாங்கிக்கொண்டுதான் அவன் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை பரந்தாமன் வந்தார். கழுத்துப்பட்டி கட்டின, சிரிக்காத மனிதர். முதலாளிமார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மிஷின் ஓடியது. பேரணாம்பட்டு லாட் வந்தது, டைப்ரைட்டர் ஒரு வரி தட்டியது, மிஷின் தாண்டிப் போனது. பரந்தாமன் நிமிர்ந்து உட்கார்ந்து இது யார் எழுதியது என்று கேட்டார். நயீம் சாயபு சாராவைக் காட்டினார். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், அதில் மரியாதை இருந்தது. அந்த ஒரு தலையசைப்பு கிருபானந்தத்துக்குப் பொறுக்கவில்லை. வரட்டும் ஆம்பூர் லாட் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

வந்தது. டைப்ரைட்டர் லாட் என்று ஆரம்பித்தது, நம்பர் அடித்தது, பாதியில் நின்றது. அடுத்த வரியில் மறுபடி அதே பாதி. மறுபடி அதே பாதி. தாள் மேலே ஏறிக்கொண்டே போனது. முதலாளிகளில் ஒருவர் என்ன ஆச்சு என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். சாரா ஓடிப்போய் நிறுத்து பொத்தானை அழுத்தினாள். மிஷின் முகப்பில் இருந்த விளக்குகளைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது. எங்கே என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று பரந்தாமனிடம் கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள், நீங்களும் பார்த்தீர்களே என்று கேட்கிற பார்வை இல்லை அது, காப்பாற்றுங்கள் என்கிற பார்வை.

கிருபானந்தம் எழுந்தான். நான் பார்க்கிறேன் என்றான். விளக்குகள் முன்னால் ஒரு கணம் நின்றான், ஒப்புக்குத்தான். எட்டாம் அறையைக் காப்பாற்றவில்லை, அதுதான் சங்கதி என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். இழுப்பறையைத் திறந்தான், அட்டைகளை எடுத்தான், ஊட்டினான், ஓட்டினான். டைப்ரைட்டர் ஒரு வரியை முழுசாக அடித்தது. மிஷின் ஆம்பூர் லாட்டைத் தாண்டிப் போயிற்று.

நயீம் சாயபு எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். எழுதத் தெரிவது வேறு, விழுந்தால் தூக்கி நிறுத்தத் தெரிவது வேறு, இன்சார்ஜ் என்பவனுக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்று பரந்தாமன் சொன்னார். முதலாளிமார் அதை உருதுவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கிருபானந்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. கேட்ட சந்தோஷம் கேட்டபடியே வந்து சேர்ந்திருந்தது.

அவன் ஒன்றே ஒன்றை மறந்துவிட்டான். தப்பைக் கண்டுபிடிக்க ஒரு கணம் போதும் என்று யாரையும் நம்பவைக்கலாம். அட்டைக்குத் துளை போட ஒரு கணம் போதாது. முதலாளிகளுக்கு அது தெரியாது. பரந்தாமன் துளை போட்டுப் பழகின ஆள் இல்லை. பஞ்ச் மிஷினிலேயே காலம் தள்ளினவள் ஒருத்தி அங்கே நின்றிருந்தாள். எல்லோரும் பிரியாணிக்குப் போன பிறகு, வெளித்தட்டில் விழுந்திருந்த அந்த அட்டைகளை சாரா எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓரம் தட்டி நேராக்கி, மானிட்டர் கட்டோடு சேர்த்துக் கட்டிவைத்தாள். தேவானந்தம் எதையும் பார்க்காதவன் மாதிரி தரையைக் கூட்டினான்.

சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டு பேரும் சைக்கிள், வண்டிக் கூட்டத்தோடு நின்றார்கள்.

"எப்போ பஞ்ச் பண்ணீங்க?"

அவன் எதை என்று கேட்கப் பார்த்தான். உண்மைதான் வந்தது.

"செவ்வாக்கெழம."

"அப்போ ஞாயித்துக்கெழமையே தெரியும்."

கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவள் அது முடியும்வரை பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தப்பைச் சொல்லாதது போவட்டும். நல்லாருக்குன்னு ஏன் சொன்னீங்க?"

கேட் திறந்தது. அவள் முன்னால் நடந்தாள். வீட்டில் சண்டை இல்லை, அழுகை இல்லை. சோறு போட்டாள், படுக்கை விரித்தாள், சாயபு வீட்டு விருந்துக்குக் கூடவே வந்து, எல்லோரும் வாழ்த்தினபோது சிரித்த முகமாக நின்றாள். ஒரு வார்த்தை எவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்கு அவள்மேல் கோபப்படவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஆடி மாதம் புது மிஷின் வந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் கிருபானந்தத்துக்கு நாற்காலி போட்டார்கள். புது மிஷினின் மானிட்டரை எழுதுவதற்கு சாராவை விட்டால் ஆள் இல்லை என்பதை அவனே கையெழுத்துப் போட்டு உத்தரவாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் எழுதினாள். முதல் கட்டுத் தாள்கள் முடிந்த அன்று, அவற்றை எடுத்துக்கொண்டு அவன் தடுப்பைத் தாண்டி நேராகத் தேவானந்தத்தின் மேஜைக்குப் போனாள்.

கண்ணாடி வழியாக அவன் பார்த்துக்கொண்டிருந்தான். தேவானந்தம் படித்தான். ஓரிடத்தில் விரலை வைத்து ஏதோ சொன்னான். சாரா குனிந்து பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள், சிரித்தாள், அழிரப்பர் எடுத்து அழித்தாள். தப்பைச் சொன்னவனிடம் அவள் இப்படிச் சிரிப்பாள் என்று கிருபானந்தத்துக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. எரிச்சல் என்றால் அதுவரை பட்டதெல்லாம் எரிச்சலே இல்லை. மானிட்டர் தாள்கள் இன்சார்ஜ் கைக்குத்தான் வரவேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால் முடிந்தது, அதிகாரம் இருக்கிறது. எந்த முகத்தோடு போடுவது?

ஒரு வாரம் பொறுத்தான். அடுத்த கட்டோடு அவள் தடுப்பைத் தாண்டினபோது எழுந்து வெளியே வந்துவிட்டான். பக்கத்தில் யாரும் இல்லை.

"மறுகைக்கு எங்கிட்ட குடுக்கலாமே, சாரா."

அவள் நின்றாள். கோபமாகப் பார்க்கவில்லை, வீட்டில் உப்பு கேட்டால் பார்ப்பாளே அப்படித்தான் பார்த்தாள்.

"அன்னிக்கு உங்ககிட்டதாங்க குடுத்தேன்."

சொல்லிவிட்டுத் தேவானந்தம் மேஜைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.